2147483647 பகா எண் என்று கையால் கணக்குப் போட்டு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கேள்வி:
சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போன எண் 2147483647-ஐத் தொட்டதும் அடுத்து மைனஸுக்குப் போய்விட்டது. 32 பிட்டில் அவ்வளவுதான் கொள்ளும், அது தெரியும். ஆனால் இது பகா எண், 1772-லேயே கணித மேதை ஆய்லர் நிரூபித்துவிட்டார் என்று கூட வேலை பார்க்கும் நண்பர் சொன்னதிலிருந்து மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது. இதன் வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுகிறது, அதுவரை 4,700-க்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் உட்கார்ந்து வகுத்தாரா? அப்புறம், கணினியின் எல்லை பகா எண்ணாக அமைந்தது தற்செயலா?

பதில் 1:
அத்தனையாலும் வகுக்கவில்லை, அழகே அதில்தான் இருக்கிறது. இந்த எண் 2³¹ − 1. இதை ஒரு பகா எண் மீதியில்லாமல் வகுத்தால், 2-இன் 31-ஆம் அடுக்கை அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். 31-உம் பகா எண் என்பதால் அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை (ஒற்றைப்படைப் பகா எண் p என்றால், 2-இன் p − 1-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்கும்போது மீதி 1) சேர்த்தால், வகுக்கும் எண்ணில் 1 குறைத்தால் அது 31-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அதோடு அந்த வகுக்கும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வர முடியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. 46340 வரை அப்படி 370 சொச்சம்தான், அதிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். பொறுமை இருந்தால் சில நாளில் முடிகிற வேலை.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: தற்செயல்தான். குறிக்கு ஒரு பிட் போக 8, 16, 32, 64 பிட்டுகளில் அடுக்கு 7, 15, 31, 63 என்று வரும். அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் மொத்த எண்ணும் பகா எண்ணாகாது. அதனால் 127 பகா எண், ஆனால் 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லையும் 7-ஆல் வகுபடும். ஆனால் அடுக்கு பகா எண் என்பதாலேயே எண்ணும் பகா எண் ஆகிவிடாது, 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

கேட்டவர்:
ரொம்ப நன்றி! உடனே 2²³ − 1-ஐ எடுத்துப் பார்த்தேன். வகுக்கும் எண் ஒற்றைப்படை என்பதால் 23-க்குப் பதில் 46-இன் மடங்கோடு 1 கூட்டினால் முதலில் வருவதே 47, எடுத்த எடுப்பிலேயே வகுபட்டுவிட்டது, 8388607 = 47 × 178481. 4,700-க்குப் பயந்த நான் ஒரே வகுத்தலில் முடித்தேன்!

பதில் 1:
அருமை. இனி வகுக்கும் எண்ணைத் தேடவே வேண்டாத லூக்கா–லெமர் சோதனையையும் போட்டுப் பாருங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். 31-க்கு, அதாவது 2⁵ − 1-க்கு, 4, 14, 8, 0. பூஜ்யம் வந்துவிட்டது, பகா எண். உங்கள் எண்ணுக்கு 29 படிகள். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த, 4,10,24,320 இலக்கமுள்ள 2-இன் 136279841-ஆம் அடுக்கு கழித்தல் 1-ஐ உறுதிசெய்ததும் இதே சோதனைதான்.