ஸ்லர்ம் ஜாப் ஒரே நொடியில் ஃபெயில், லாக் ஃபைலே வரவில்லை (0:53)

பல்கலைக்கழக கிளஸ்டரில் (பல கணினிகளின் தொகுப்பு; ஜாப்களை அவற்றுக்குப் பகிர்ந்து கொடுப்பது ஸ்லர்ம்) அக்கவுண்ட் கிடைத்து 4 நாள். எஸ்பேட்ச்சில் (ஜாப்பைச் சமர்ப்பிக்கும் கட்டளை) போடும் ஜாப், ரன்னிங் ஆன அடுத்த நொடியே ஃபெயில். அவுட்புட், எரர் ஃபைல் இரண்டுமே இல்லை. எஸ்அக்ட்டில் (முடிந்த ஜாப்களின் விவரம் காட்டும் கட்டளை) எக்ஸிட் கோட் 0:53.

ஸ்லர்ம் 23.02, ராக்கி லினக்ஸ் 8. ஸ்கிரிப்ட்டில் ஹோஸ்ட்நேம் என்ற ஒரே கட்டளைதான். 1 கோர், 1 ஜிபி, 5 நிமிடம்.

இந்தக் கோட் வந்தால் பெரும்பாலும் லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். லாக் ஃபோல்டரை ஸ்லர்ம் தானாக உருவாக்காது, அதனால் முதலில் அதை உருவாக்கிப் பார்த்தாச்சு. பெர்மிஷன் சரி. கோட்டா (எனக்கு ஒதுக்கிய இட வரம்பு) பாதிகூட நிரம்பவில்லை. விண்டோஸ் வரிமுடிவுச் சிக்கலும் இல்லை (இருந்தால் எஸ்பேட்ச் வாங்கும்போதே திட்டியிருக்கும்).

ஹோமிலிருந்து போட்டால் அதே ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஸ்க்ராட்ச்சிலிருந்து (தற்காலிக ஃபைல்களுக்கான பொதுச் சேமிப்பிடம்) போட்டால்தான் விழுகிறது, அதுவும் எப்போதும் அல்ல: விழுந்த 7 முறையும் அதே 2 நோடுகள் (கிளஸ்டரில் உள்ள தனிக் கணினிகள்). எக்ஸ்க்ளூட் கொடுத்து அவற்றை ஒதுக்கினால் சிக்கல் இல்லை. அங்கே ஸ்க்ராட்ச் மவுண்ட் ஆகவில்லை (இணைக்கப்படவில்லை) என்றே சந்தேகம். எஸ்இன்ஃபோ (நோடுகளின் நிலை காட்டும் கட்டளை) என்னவோ இரண்டையும் ஐடில் (வேலையின்றித் தயார்) என்று காட்டுகிறது. ஜாப்பும் அங்கேயே போய் விழுகிறது.

அட்மின் உரிமை இல்லாத யூசர், பார்ட்டிஷன் (நோடுகளின் குழு) முழுவதையும் பிடித்து வைக்காமல், எந்தெந்த நோடில் ஸ்க்ராட்ச் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?