காக்னா1சி லென்டிவைரஸ்: பி24 நிறைய வருது, செல்தான் ஒன்றும் தங்கலை

ஜெலுத்தோங்:
மனித காக்னா1சி (கால்சியம் சேனலின் முக்கியக் கூறான ஆல்ஃபா1-இன் ஜீன்) முழு நீளக் குளோன், லென்டி வெக்டரில் (செல்லுக்குள் ஜீனை ஏற்றும் வைரஸ்). முன்னால் சிஎம்வி ப்ரோமோட்டர் (ஜீனை இயக்கும் பகுதி), பின்னால் பிஜிகே ப்ரோமோட்டரில் ப்யூரோ (ப்யூரோமைசின் எதிர்ப்பு ஜீன்). 10 செ.மீ. தட்டில் 293டி (வைரஸ் தயாரிக்கும் மனித செல்), வெக்டர் 10, துணைப் பிளாஸ்மிட்கள் பிஎஸ்பேக்ஸ்2 7.5, பிஎம்டி2.ஜி 2.5 மைக்ரோகிராம், டிஎன்ஏவைச் செல்லுக்குள் அனுப்பும் பிஇஐ மூன்று மடங்கு. 48, 72 மணியில் எடுத்து 0.45 மைக்ரானில் வடிகட்டினேன். பி24 (வைரஸ் கூட்டுப் புரதம்) எலைசாவில், ஒப்பீட்டுக்கு வைத்த ஜிஎஃப்பி (ஒளிரும் புரதம்) வெக்டருக்குச் சமமாக நிற்குது. ஆனால் 293 செல்லில் ஏற்றி, ப்யூரோ 1 மைக்ரோகிராம்/மி.லி. போட்டால் நாலாம் நாள் தட்டு காலி. அதே நாள் செய்த ஜிஎஃப்பி தட்டு நிறைய செல். எங்கே கோளாறு?

பங்சார்:
பி24-ஐ நம்பாதீங்க. ஜீனோம் உள்ள துகள், வெறுந்துகள், சும்மா மிதக்கும் புரதம் எல்லாத்தையும் சேர்த்தே அது எண்ணும். உங்க சரக்குதான் நீளம். காக்னா1சி 6.5 கிலோபேஸ், ப்ரோமோட்டர், ப்யூரோ, டபிள்யூபிஆர்இ, ஆர்ஆர்இ, எல்டிஆர் என்ற வெக்டர் பகுதிகள் சேர்த்தால் இன்னும் 4. எச்ஐவியின் சொந்த ஜீனோமே 9.7தான். அதைத் தாண்டினால் டைட்டர் (செல்லில் ஏறக்கூடிய வைரஸின் அளவு) படுத்துடும். ஏற்றின செல்லின் டிஎன்ஏவில் டபிள்யூபிஆர்இ-க்கு க்யூபிசிஆர் (டிஎன்ஏவின் அளவைக் காட்டும் சோதனை) போட்டால் உண்மை தெரியும். செல்லில் ஏற்றும் முன்னாலேயே வைரஸில் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அழிக்கும் என்சைம்) போட்டு மிச்ச பிளாஸ்மிடை அழிச்சுடுங்க.

அதுக்கும் முதல் வேலை, பிளாஸ்மிடை என்சைமால் வெட்டிப் பாருங்க.

ஜெலுத்தோங்:
வெட்டினேன் அண்ணே. இன்சர்ட் 6.5-இல் ஒரு பட்டை, 4.8 பக்கம் இன்னொன்று. டிஹெச்5ஆல்ஃபா பாக்டீரியா, 37 டிகிரி.

பங்சார்:
அப்போ பாதி சரக்கு குளோனே இல்லை. இந்த சேனல் ஜீன் பாக்டீரியாவுக்குள் கசிந்து வெளிப்படும், அதுக்கு ஆகாது. துண்டு இழந்தவை வேகமா வளர்ந்து மற்றதை முந்திடும். எஸ்டிபிஎல்3 பாக்டீரியாவுக்கு மாற்றி 30 டிகிரியில் இரண்டு நாள் வளருங்க. பெரிய காலனியை விட்டுட்டுச் சின்னதை எடுங்க (ஆசை பெரியதில்தான் போகும்). எட்டு காலனியாவது வெட்டிப் பார்த்து, சரியானதை முழு நீளம் சீக்வென்ஸ் செய்யுங்க. சேங்கரில் ஒன்பது பத்து ப்ரைமர் ஆகும்.

குளுகோர் அக்கா:
அது சரியானாலும் 10.5 கிலோபேஸ் 10.5தான். நான் சொல்வேன், ஆல்ஃபா1-ஐ லென்டியில் இழுக்காதீங்க; பிக்கிபேக்கில் (வைரஸ் இல்லாமல் ஜீனோமில் ஜீனை ஒட்டும் டிரான்ஸ்போசான்) போடுங்க. லென்டிக்கு ஏற்றது துணைக் கூறுகள்: காக்னாபி2 சுமார் 2, காக்னா2டி1 3.3 கிலோபேஸ். இவை இல்லாமல் ஆல்ஃபா1 மட்டும் ஏறினால் சவ்வுக்குச் சரியாப் போகாது, கரன்ட் ரொம்பக் குறைவா வரும். இரண்டுக்கும் வேற வேற செலக்‌ஷன். பிளாஸ்டிசிடின் ஒன்று, ஹைக்ரோமைசின் ஒன்று. 293டியில் ஜி418 மருந்து வேலை செய்யாது, எதிர்ப்பு ஜீன் ஏற்கெனவே உள்ளே இருக்கு.

சேனல் வெளிப்பட்டதும் மீடியத்தின் 1.8 மில்லிமோலார் கால்சியம் உள்ளே ஒழுகி செல் சோர்ந்தால், சேனலை அடைக்கும் நிஃபெடிபைன் 2 முதல் 5 மைக்ரோமோலார் போட்டு வளருங்க. வெளிச்சம் பட்டால் கெட்டுடும், ஃபாயில் சுற்றுங்க; அளக்கும் முன் நன்றாகக் கழுவுங்க. வெக்டர் மாறுவதால் ஐபிசிக்கும் (நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழு) ஒரு வார்த்தை எழுதிடுங்க.

ஃப்ளூவோ-4-இல் (கால்சியம் பட்டால் ஒளிரும் சாயம்) பொட்டாசியம் ஊற்றிப் பார்க்கப் போறீங்கன்னா, கிர்2.1-ம் (ஓய்வு மின்னழுத்தத்தைச் சரியாக வைக்கும் பொட்டாசியம் சேனல்) சேர்த்து ஏற்றுங்க. 293 செல்லின் ஓய்வு மின்னழுத்தம் குறைவு. சேனலில் பல முன்கூட்டியே அடைபட்டிருக்கும், சரியான குளோன்கூட செத்த மாதிரி தெரியும்.