லயத்தைப் பற்றி எழுதினால் சங்கீத வகுப்பு விளம்பரம் வருகிறது. குறிச்சொற்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கொழுந்துக்கூடை (அட்டன்):
வணக்கம். தோட்ட வாழ்க்கை, இலங்கை மலையகப் பயணம், சமையல் ஆகியவற்றைப் பற்றி நான்கு ஆண்டுகளாக, கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் எழுதி வருகிறேன். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் அனுமதி கிடைத்துவிட்டபோதிலும், வரும் விளம்பரங்களுக்கும் பதிவுகளுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. லயத்துக் குடியிருப்புகளைப் பற்றிய பதிவில் சங்கீத வகுப்பும், துரைமார் காலத்துத் தோட்டங்களைப் பற்றிய பதிவில் மாடித்தோட்ட விதைகளும் தோன்றுகின்றன. பதிவுகளை வகைப்படுத்த இடும் குறிச்சொற்கள் (லேபல்) 70ஐத் தாண்டிவிட்டன. அட்டன், ஹட்டன், ஹற்றன் என ஒரே ஊருக்கு மூன்று இருக்கின்றன. இவற்றைக் குறைத்தால் போதுமா? பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக இருக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியில் சொற்களை நிரப்பலாமா?

பதுளைப் பதிவர்:
மெட்டா கீவேர்ட்ஸில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தேடல் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது.

உங்கள் சிக்கல் குறிச்சொல்லின் எண்ணிக்கையில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. நமக்கு லயம் என்றால் வரிசை வீடு. மலையகத்துக்கு வெளியே அது தாளத்தோடு சேர்ந்த சொல். தோட்டம் என்றால் நமக்குத் தேயிலை. மற்றவர்களுக்கு வீட்டுக் கொல்லை. விளம்பரத்தைத் தேர்வதற்காகப் பக்கத்தைப் படிக்கும் கூகுள் நிரலுக்கு நம் வழக்கு தெரியாது. ஆகவே வழக்குச் சொல்லை விட்டுவிடாமல், தலைப்பிலும் முதற்பத்தியிலும் அதற்குத் துணையாக ஒரு தெளிவான சொல்லைச் சேருங்கள்: 'தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள்' என்று எழுதினால் சங்கீதத்துக்கு இடமில்லை. தேயிலையைப் பற்றி எழுதும்போதும், 4,000 அடிக்கு மேல் விளையும் உயர்நிலத் தேயிலை, பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்ச் பீக்கோ) என்ற தேயிலைத் தரம் என்று குறிப்பாக எழுதுங்கள்.

குறிச்சொற்களைப் பத்துக்குள் அடக்கி, ஊர்ப்பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலைக் கொள்ளுங்கள். மற்ற வடிவங்கள் கட்டுரைக்குள் ஓரிடத்தில் வந்தால் போதும். பிளாகர் அமைப்புகளில் தேடல் விளக்கத்தை இயக்கி, பதிவுதோறும் இரண்டு வரி எழுதுங்கள். அது தேடி வருபவருக்கு உதவும், விளம்பரத்தை அது மாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

தலவாக்கலை வாசகர்:
ஒரு கேள்வி. பழைய சிறப்பு மலர்களிலிருந்து எடுத்த கட்டுரைகளை, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் பொருத்திய பழைய பாமினி எழுத்துருவிலேயே ஒட்டியிருக்கிறீர்களா? பாமினியில் 'அம்மா' என்பது நிரலுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஆட்சென்ஸ் தமிழை 2018இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பக்கம் தமிழென்றே அதற்குத் தெரியாதபோது என்ன பயன்? தமிழைத் தமிழாகவே குறிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவதே முதல் வேலை.

கொழுந்துக்கூடை:
ஐயா, ஏறத்தாழ முப்பது பதிவுகள் பாமினியில்தான் இருக்கின்றன. இது எனக்குத் தோன்றவேயில்லை. குறிச்சொல்லை மாற்றினால் பழைய இணைப்புகள் உடையுமா? தேடுபொறி எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் யாரோ சொன்னதைக் கேட்டுச் சென்ற ஆண்டு மாற்றிவிட்டேன்.

பதுளைப் பதிவர்:
பிளாகரில் பதிவின் முகவரிக்குள் குறிச்சொல் வருவதில்லை, ஆதலால் பதிவுகளின் இணைப்புகள் உடையா. (வேர்ட்பிரஸில் முகவரிக்குள் வகைப்பெயரை வைத்திருப்போர்தான் அஞ்ச வேண்டும்.) ரோபோட்ஸ் கோப்பை உடனே பாருங்கள். பிளாகர் இயல்பாகத் தரும் கோப்பு, குறிச்சொல் பக்கங்களைத் தேடுபொறிகளுக்கு மூடினாலும், விளம்பரத்துக்காகப் படிக்க வரும் மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள் என்ற நிரலுக்கு எல்லாவற்றையும் திறந்தே வைக்கிறது. அந்த வரியை நீக்கியிருந்தால் திரும்பச் சேருங்கள்.

இன்னொன்று: நீங்கள் காணும் விளம்பரம் உங்கள் உலாவியின் பழைய தேடல்களைப் பார்த்தும் வந்திருக்கலாம். வீட்டில் யாராவது சங்கீத வகுப்பைத் தேடினார்களா என்று விசாரியுங்கள்! மறைநிலைச் சாளரத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். ஆனால் சோதனைக்காகக்கூட உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்கிவிடாதீர்கள், கணக்கே முடங்கக்கூடும்.

கொழுந்துக்கூடை:
மகள் தேடியிருக்கிறாள். பாமினிப் பதிவுகளை இன்றிரவே மாற்றத் தொடங்குகிறேன்.