மறு: செக் டிஜிட், செக்சம் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் எண்ணை எழுதும்போது பிழை நேர்ந்தால் தெரிவதற்காக அதன் கடைசியில் சேர்க்கும் இலக்கம் செக் டிஜிட்; அதே நோக்கத்தில் கணினித் தரவோடு சேர்க்கும் தொகை செக்சம். இந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே படித்துவருகிறேன். ஐயா "சோதனை இலக்கம்" என்று ஆரம்பித்துவைத்தார். மதுரைத் தோழி "சான்றிலக்கம்" என்றார். நேற்று இன்னொரு நண்பர் எழுதியது இது:

> செக் என்று வரும் இடமெல்லாம் 'சரிபார்ப்பு' என்றே வைத்துவிட்டால் குழப்பம் தீரும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்பதுதான் ஒழுங்கு.

முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் பரிந்துரைக்கு வருகிறேன்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி அனுப்பும் வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் பக்கம் காது கொடுத்துக் கேட்டால் செக் என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்று தெரியும். தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரில் லாரி நிற்பது செக்போஸ்ட். ஆற்றில் தண்ணீரை நிறுத்தக் கட்டியிருப்பது செக் டேம். மண்டியில் பணத்துக்குப் பதிலாக நீட்டுவது செக். துணிக்கடையில் எடுப்பது செக்டு சட்டை. லாட்ஜில் காலையில் சொல்வது செக் அவுட். டிவி செய்தியில் ஒரு தலைவர் இன்னொருவருக்கு 'செக் வைத்தார்'. இத்தனைக்கும் நடுவில் முதலாளி உள்ளே வந்து "பில்லை ஒருக்கா செக் பண்ணுப்பா" என்கிறார்.

ஆங்கிலத்தில் இவை எல்லாம் ஒரே சொல்லாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா'. சதுரங்கத்தில் எதிரியின் அரசனைத் தாக்கும்போது "ஷா" என்று எச்சரிப்பார்கள். அந்தக் கூவல் அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'செக்' ஆனது. அரசனைத் தாக்கியதும் எதிரியின் போக்கு தடைபடுகிறது என்பதால் 'தடு' என்ற பொருள் வந்தது. தடுப்பிலிருந்து கட்டுப்பாடு, கட்டுப்பாட்டிலிருந்து சரிபார்த்தல். சதுரங்கப் பலகையின் தோற்றத்திலிருந்து கட்டம் போட்ட துணி. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்குகளைக் கட்டம் போட்ட துணி விரித்த மேசையில் காய் வைத்து எண்ணினார்கள். அதனால்தான் அவர்களுடைய கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். வங்கிக் காசோலையை பிரிட்டனில் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவதற்குக் காரணமும் இந்தக் கருவூலப் பெயரின் சாயல்தான். அமெரிக்காவில் ஓட்டல் பில்லே செக்.

இந்த வழியில் தமிழ் நடந்து வரவில்லை. நாம் ஒவ்வொன்றையும் அதன் வேலையைப் பார்த்துத் தனித்தனியாகப் பெயரிட்டிருக்கிறோம்: தடுப்பணை, காசோலை, சோதனைச் சாவடி, கட்டம் போட்ட சட்டை, சரிக்குறி. சதுரங்கத்தில் 'முற்றுகை' என்று தமிழ் விக்கிப்பீடியா எழுதுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் செக் டேமுக்குத் 'தடயண' என்பார்கள். நம் தடுப்பணையின் உடன்பிறப்பு. பழைய மலையாள ஆட்டக்காரர்கள் சதுரங்கச் செக்குக்கு 'அரசு' என்பார்கள், கிட்டத்தட்ட அந்தப் பாரசீக 'ஷா' மாதிரியே. ஆங்கிலத்தில் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக, தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்பதை நாம் போய்க் கலக்க வேண்டியதில்லை. கலைச்சொல் ஆக்கும்போது ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல், அது அந்த இடத்தில் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, செக் டிஜிட் என்ன வேலை செய்கிறது?

நூல்களின் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை எடுத்துக்கொள்வோம். 978030640615 என்ற 12 இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அடுத்த பத்தின் மடங்கான 100-க்கு 7 தேவை. அந்த 7-தான் பதின்மூன்றாவது இலக்கம். யாராவது ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் கூட்டல் பத்தின் மடங்காக வராது, தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் இதே எண்ணில் கடைசிப் பகுதியில் 615 என்றிருப்பதை 165 என்று மாற்றி அடித்துப் பாருங்கள். கூட்டல் 83, அதோடு 7 சேர்த்தால் 90. கணக்கு ஒத்து வந்துவிடும். எண் மட்டும் தவறு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இந்த முறை இடமாற்றத்தைப் பிடிக்காது. கடன் அட்டைகளில் இருக்கும் லூன் முறை 09, 90 இடம் மாறுவதைப் பிடிக்காது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசியானது வெர்ஹோஃப் முறையில் வருவது; 1969-ல் நெதர்லாந்துக் கணிதர் வெர்ஹோஃப் வெளியிட்ட அந்த முறை ஓரிலக்கப் பிழை, அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றம் இரண்டையும் முழுவதுமாகப் பிடிக்கும். அப்படியிருந்தும், அதுவும் ஒத்துவருகிறதா என்று மட்டும்தான் சொல்லும். அந்த எண்ணில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று சொல்லாது.

இதனால்தான் மதுரைத் தோழியின் 'சான்றிலக்கம்' எனக்கு ஒப்பவில்லை. அழகான சொல், சுருக்கம், வாயில் நிற்கிறது. ஆனால் சான்று என்றால் 'இது உண்மை' என்று உறுதி கொடுப்பது. இந்த இலக்கம் அப்படி எந்த உறுதியும் கொடுப்பதில்லை. எங்கள் வியாபாரிகளில் பலர் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை, இப்படிக் கணக்கு ஒத்துவருகிறது என்று மென்பொருள் ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்தக் கடை பதிவில் உள்ள கடைதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிலேயே சான்று என்று வைத்துவிட்டால் பிறகு நான் என்ன விளக்கினாலும் எடுபடாது. இன்னொரு சிக்கல்: கணினிப் பாதுகாப்பில் சான்றிதழ் என்பது ஏற்கெனவே வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

ஐயாவின் 'சோதனை இலக்கம்' பற்றி. சோதனை என்றால் ஒருவர் நிறுத்தி, பிரித்து, உள்ளே பார்ப்பது. வாளையாரில் அதைத்தான் செய்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்து மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், வண்டி மணிக்கணக்கில் நிற்கும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த வணிகவரிச் சாவடிகள் போய்விட்டன. இப்போது எல்லையில் சரக்குக்குத் துணையாகப் போவது எண்கள்தான்: தமிழ்நாட்டுக் கடை என்றால் ஜி.எஸ்.டி. எண் 33-ல் தொடங்கும், கேரளக் கடை என்றால் 32. நிறுத்திப் பார்க்கும் வேலையும் எண்ணுக்குள்ளேயே ஒத்துப் பார்க்கும் வேலையும் வேறு வேறு என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் அனுபவமாகவே தெரியும். தவிர, பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். மலையாளத்தில் 'பரிசோதன' என்றால் வண்டிச் சோதனை உட்பட எல்லாப் பார்வையிடலும். தமிழ்ப் பாடநூலில் பரிசோதனை என்பது ஆய்வகத்தில் செய்வது. வெறும் 'சோதன' என்றால் மலையாளத்தில் மலம் கழிவது. புதுச் சொல்லை இந்த மேடு பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

'ஒப்பிலக்கம்' என்று ஒரு நண்பர் தனி மடலில் சொன்னார். கணக்கு ஒத்து வருகிறதா என்று கேட்பது மண்டிப் பேச்சுதான், பொருள் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் கண்ணில் படும்போது 'ஒப்பில்' என்று பிரிந்து, இணையில்லாதது என்ற பொருள் முந்திக்கொள்கிறது. அதனால் விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: 'சரிபார்' என்ற வினையடியை அப்படியே வைத்து வினைத்தொகையாக ஆக்குவோம்.

செக் டிஜிட்டுக்கு சரிபார் இலக்கம். செக்சமுக்கு சரிபார்தொகை.

'சரிபார்ப்பு இலக்கம்' என்று ஏற்கெனவே சிலர் எழுதுவது தெரியும். அதில் '-ப்பு' சேர்ந்தவுடன் சரிபார்க்கும் செயல் முடிந்துபோன மாதிரி, ஒரு அலுவலகத்தில் முத்திரை குத்தி வந்த மாதிரி தொனிக்கிறது. வினைத்தொகைக்குக் காலம் கிடையாது. நேற்றுப் பார்த்தது, இன்று பார்ப்பது, நாளை பார்க்கப்போவது எல்லாம் அதில் அடங்கும். எண்ணை யார் எப்போது கையில் எடுத்தாலும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த இலக்கத்தின் இயல்பு, அதற்கு இந்த இலக்கணம் பொருந்தி நிற்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'சரிபார்த்தொகை' என்று எழுதிவிட வேண்டாம். சரிபார் இலக்கத்தைச் சேர்த்து 'சரிபாரிலக்கம்' என்று எழுதினால் நடுவில் பாரி எட்டிப் பார்த்துப் படிப்பவரைத் தடுக்கிறார். இடைவெளி விட்டே எழுதலாம்.

செக் பாக்ஸைப் பல மென்பொருள்களில் 'சரிபார்ப்புப் பெட்டி' என்று பார்க்கிறேன். அங்கே யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை, வேண்டியதைக் குறிக்கிறார்கள். அதற்குக் 'குறிகட்டம்' என்று வைக்கலாம், இதுவும் வினைத்தொகைதான். விளையாட்டுகளில் வரும் செக்பாயிண்டிலும் சரிபார்ப்பு இல்லை, விட்ட இடத்தைச் சேமிப்பதுதான் இருக்கிறது. 'சேமிப்பு நிலை' போதும். ஹேஷ் (ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறியீடு) பற்றிக் கேட்டவருக்கு: எஸ்.எச்.ஏ.-256 மாதிரியானவை யாராவது வேண்டுமென்றே மாற்றினாலும் காட்டிக்கொடுப்பதற்காக அமைந்தவை, சரிபார்தொகை கைப்பிழையையும் கடத்தும்போது நேரும் பிழையையும் பிடிக்க. இரண்டையும் ஒரு சொல்லில் அடைக்காமல் அதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இடங்களில் கடைசியில் இலக்கமும் வரும், ஆங்கில எழுத்தும் வரும். பழைய 10 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணிலும் கடைசியில் பத்துக்குப் பதிலாக எக்ஸ் வரும். அங்கே 'இலக்கம்' பொருந்தாது. 'சரிபார்குறி' என்றால் சரிக்குறியோடு குழம்பும். 'சரிபார் வரியுரு' என்று தற்காலிகமாக என் மென்பொருளில் போட்டிருக்கிறேன் (வரியுரு என்றால் எழுத்து, இலக்கம், குறி எல்லாவற்றுக்கும் பொதுவான கேரக்டர்), ஆனால் வரியுரு என்ற சொல் கணினித் தமிழுக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. மண்டியில் இருப்பவர்களுக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி ஒரு சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அகராதிப் பட்டியலில் சரிபார் இலக்கம், சரிபார்தொகை, அந்தச் சொல் மூன்றையும் சேர்த்தே ஏற்றலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து