கிட்டில் கோப்பின் பெயரை மாற்றினால் வரலாறு அறுந்துபோகிறது, வழி சொல்லுங்கள்
நண்பர்களே, கிட் (நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) பெயர்மாற்றத்தைப் பதிவதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றங்களைச் சேமிக்கும் பதிவு) முழு நிலையையும் சேமித்துவிட்டு, டிஃப் (இரண்டு நிலைகளுக்கிடையிலான வேறுபாடு) எடுக்கும்போதுதான் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. ஒற்றுமை 50%க்குக் கீழே போனால் ஒன்று அழிந்தது, இன்னொன்று புதிதாக வந்தது என்றே காட்டும்.

அதனால் பெயரை மாற்றும் 'கிட் எம்வி' கட்டளை தனிக் கமிட், உள்ளே திருத்தம் அடுத்த கமிட் என்று பிரிக்கிறோம். ஆனால் ஸ்குவாஷ் மெர்ஜ் (ஒரு கிளையின் கமிட்களை ஒரே கமிட்டாக்கி இணைப்பது) இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் ஒற்றுமை வரம்புக்குக் கீழே போனால், பெயர் மாறிய பின்னும் வரலாற்றைத் தொடரும் 'கிட் லாக் --ஃபாலோ' அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. '-எம்30%' என்று ஒற்றுமை வரம்பைக் குறைத்தால், ஒரே லைசென்ஸ் தலைப்புள்ள சின்னக் கோப்புகள் சம்பந்தமில்லாமல் ஜோடி சேர்கின்றன. ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் 'கிட் பிளேம் -சி' இடம்மாறிய வரிகளைப் பிடித்துவிடும், ஆனால் பெரிய ரெப்போவில் (திட்டத்தின் கோப்புக் களஞ்சியம்) ரொம்ப மெதுவு.

கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியல் பெயர்மாற்றத்தைக் கமிட்டிலேயே எழுதிவைக்கும் என்பது தெரியும். இப்போது அதற்கு மாற முடியாது. ஸ்குவாஷையும் விடாமல் வரலாற்றையும் காக்க உங்கள் குழுவில் என்ன விதி வைத்திருக்கிறீர்கள்? பெயர்மாற்றத்துக்கு மட்டும் தனி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கோரும் வேண்டுகோள்) கேட்பது நடைமுறையில் ஒத்துவருகிறதா?