பன்னாட்டுத் தொழில் மாநாட்டில் தன்னார்வலர் பணி: எந்தப் பிரிவைக் கேட்டு வாங்கலாம்?

முதலாண்டு மாணவி (கேள்வி)

வணக்கம். சென்னையில் எம்பிஏ முதலாண்டு படிக்கிறேன். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கவிருக்கும் இரண்டு நாள் பன்னாட்டுத் தொழில் மாநாட்டுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து நாற்பது பேரைத் தன்னார்வலர்களாக அனுப்புகிறார்கள். பதிவு மேசை, வெளிநாட்டு விருந்தினருடன் செல்லும் பணி, நிறுவனங்கள் தனித்தனியே சந்தித்துப் பேசும் பி-டு-பி அரங்கு ஆகிய மூன்றில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊதியம் கிடையாது, சான்றிதழும் வருகைப்பதிவும் உண்டு. அதற்கடுத்த வாரமே இன்டர்னல் தேர்வு தொடங்குகிறது. "கோட் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில் நீட்டும் வேலைதான்" என்கிறார் எங்கள் சீனியர் ஒருவர். படிப்புக்கு உண்மையிலேயே பயன்படும் பிரிவு எது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய தன்னார்வலர்

தயங்காமல் பி-டு-பி அரங்கைக் கேளுங்கள். மேடையில் நடப்பதை மறுநாள் செய்தித்தாளிலும் படித்துக்கொள்ளலாம்; யார் யாரைத் தேடிப் போய்ச் சந்திக்கிறார்கள் என்பதை அந்த அரங்கில் மட்டுமே பார்க்க முடியும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு மாநாட்டில் (பெயர் வேண்டாமே) சந்திப்புக்கு இருபது நிமிடம் என்று வகுத்து, நாள் முழுவதும் இடைவெளியின்றி அட்டவணை போட்டிருந்தார்கள். ஒருவர் பேசி முடித்த பிறகே மொழிபெயர்ப்பாளர் பேசுவார் என்பதால், ஜப்பானியக் குழு உட்கார்ந்த மேசையில் அந்த இருபது நிமிடம் பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பதினொரு மணிக்குள் எல்லா மேசைகளும் பின்தங்கின. ஓசூரிலிருந்து வந்திருந்த உதிரிபாக உற்பத்தியாளர் ஒருவர், கையில் மாதிரிப் பெட்டியுடன் நாற்பது நிமிடம் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு நாற்காலி கொண்டுவந்து கொடுத்ததைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அட்டவணை தயாரிப்பவரை முன்கூட்டியே பார்க்க முடிந்தால், மொழிபெயர்ப்பு தேவைப்படும் சந்திப்புகளுக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். வரிசையில் காத்திருக்கும் நேரம் எப்படிக் கூடுகிறது என்பதை விளக்கும் வரிசைக் கோட்பாடு என்று ஆபரேஷன்ஸ் பாடத்தில் படிக்கிறோமே, அது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்

பதிவு மேசையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் என்னுடைய கருத்து. அடையாள அட்டைகளை அகரவரிசையில் அடுக்கும்போது நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 'எஸ். கார்த்திக்' என்பவரின் அட்டை 'எஸ்' தட்டில் இருக்குமா, 'கே' தட்டில் இருக்குமா என்பது அச்சிட்ட மென்பொருளுக்கே வெளிச்சம். காலை எட்டரை மணிக்கு முந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அதைத் தேடி எடுத்துக் கொடுப்பவருக்கு வரும் நிதானம் எந்த வகுப்பிலும் வராது. ஆனாலும் தங்கையின் கேள்வி படிப்பைப் பற்றியது என்பதால், பி-டு-பி அரங்கு என்ற பதிலுக்கே நானும் வாக்களிக்கிறேன். விருந்தினருடன் செல்பவர்களுக்குப் பாதி நாள் விமான நிலையத்திலும் காரிலுமே கழிந்துவிடும்.

முதலாண்டு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இந்த மாநாட்டை வைத்தே புராஜெக்ட் அறிக்கை எழுதலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். எதைப் பற்றி எழுதலாம்?

முதலீட்டுச் செய்திகளைப் பின்தொடர்பவர்

இத்தகைய மாநாடுகளில் அரசும் நிறுவனங்களும் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் பிறகு என்ன ஆகின்றன என்பதை எழுதுங்கள். தமிழ்நாட்டின் உலக முதலீட்டாளர் மாநாடு 2015, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நீங்கள் நிற்கப்போகும் அதே நந்தம்பாக்கத்தில்தான் நடந்தது. முதல் மாநாட்டில் ஏறத்தாழ 2.42 லட்சம் கோடி ரூபாய், அடுத்ததில் 3 லட்சம் கோடி, 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி என்று முதலீட்டு அறிவிப்புகள் வளர்ந்தன. ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் விருப்பத்தை எழுத்தில் வைப்பதே தவிர, பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவதற்கான கட்டாயம் அன்று. ஆகவே மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஒரே ஒரு நிறுவனத்தின் தடத்தைப் பின்பற்றுங்கள். அந்த 2024 மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்ட வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்குத் தூத்துக்குடியில் அடுத்த மாதமே அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 ஆகஸ்டில் திறப்பு விழாவும் நடந்தது. எல்லா அறிவிப்புகளும் இந்த வேகத்தில் நகர்வதில்லை. ஏன் என்பதுதான் உங்கள் அறிக்கை.

இன்னொன்று. ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகத்தில், 1968ஆம் ஆண்டின் மாணவர் கிளர்ச்சிகளைத் தொடர்ந்து மாணவர்களே தொடங்கிய பன்னாட்டுக் கருத்தரங்கை இன்றும் மாணவர் குழுதான் நடத்துகிறது. அதற்காகப் படிப்பையே சிறிது காலம் நிறுத்தி வைக்கிறார்கள். முதுநிலை மாணவர்களுக்கு அவர்கள் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். அதையும் பார்த்து வையுங்கள்.

முதலாண்டு மாணவி

பி-டு-பி அரங்கு என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்டர்னல் தேர்வுக்கு இந்த வாரமே படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கறுப்பு ஷூ கட்டாயம் என்கிறார்கள். புதிதாக வாங்க வேண்டும்.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்

இன்றே வாங்கி, ஒரு வாரம் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போங்கள். புது ஷூவோடு வந்தால் முதல் நாள் மதியத்துக்குள் கடித்துவிடும்.