2 லட்சத்து 30 ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பி16ஏ: கேம் ஷாப்ட் மாற்றிய அனுபவம்

என்னுடையது ஹொண்டா சிவிக் ஈகே4, எஞ்சின் பி16ஏ. 1.6 லீற்றர்தான், டேர்போவும் கிடையாது, ஆனால் நிமிடத்துக்கு 7,800 சுற்றில் 170 குதிரைத்திறன் தரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில் திருகோணமலையில் எல்லாரும் கையில் இருந்ததையே பார்த்துப் பார்த்து ஓட்டினோம். நானும் அப்படித்தான்.

முதலில் வந்தது சத்தம். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் மேலிருந்து டிக் டிக் என்று கேட்கும். முதலில் காட்டிய கராஜில் டப்பெட்டை, அதாவது வால்வ் இடைவெளியை, இறுக்கி, 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றி அனுப்பினார்கள். இரண்டு கிழமை அமைதி. பிறகு ஒருநாள் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது ஒரு லொறியை முந்தினேன். 5,500 சுற்றைத் தாண்டியும் வழக்கமான அந்த இரண்டாவது உறுமல் வரவில்லை. எஞ்சின் லைட் எரிந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு பின் கனெக்டரை வயரால் இணைத்துப் பார்த்தேன். லைட் இரண்டு தடவை நீளமாகவும் இரண்டு தடவை குட்டையாகவும் மின்னியது. கோட் 22, அதாவது உயர் சுற்றில் வால்வை அதிகமாகத் திறக்கும் வீடெக் அமைப்பின் ஒயில் பிரஷர் சுவிட்ச். சுவிட்சை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் உப்புவெளியில் வயதான மெக்கானிக் அண்ணா ஒருவரிடம் போனேன். சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டார். "தம்பி, காதால கேட்டு டப்பெட் இறுக்கக் கூடாது. மூடியைக் கழற்றி கேமைப் பார்க்க வேணும்" என்றார். கேம் என்றால் வால்வுகளைத் திறக்கும் தண்டு, அதன் மேல் இருக்கும் மேடுகள்தான் லோப். வால்வ் கவரைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு லோபையும் நகத்தால் தடவினார். புகைப் பக்கத்து கேமில் மூன்றாவது சிலிண்டரில் அவர் நகம் நின்றுவிட்டது. பெரியம்மைத் தழும்பு போலக் குழி விழுந்து, லோபின் மூக்கு தேய்ந்திருந்தது. அதற்குக் கீழே, லோபின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் ரொக்கரிலும் அதே குழிகள். இப்படி ஒரு பரப்பு உரிந்தபிறகு எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி நிற்காது.

இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுக்கு மூன்று லோப்கள். ஓரத்தில் இருப்பவை இரண்டும் சாதாரண ஓட்டத்துக்கு. நடுவில் இருக்கும் உயரமான லோப், ஒயில் அழுத்தம் பின்னைத் தள்ளி மூன்று ரொக்கரையும் ஒன்றாகப் பூட்டும்போது வேலை செய்யும். அந்த ஒயிலைத் திறந்துவிடும் சொலனாய்டு வால்வில் ஒரு சின்ன வலை இருக்கிறது. அதைக் கழற்றியபோது கறுப்புப் பசையால் மூடிக் கிடந்தது. சுவிட்ச் பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அண்ணா அடுத்துக் கேட்டது, "கடைசியா எப்ப டிப்ஸ்டிக் பார்த்தீங்க தம்பி?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2022இல் ஒயில் விற்ற விலையில், 5,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டியதைப் பத்தாயிரம் வரைக்கும் இழுத்தேன். இது உயர் சுற்றில் ஒயில் குடிக்கும் எஞ்சின், உள்ளே போவதே ஏறக்குறைய 4 லீற்றர்தான். வடித்துப் பார்த்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. கேம் போனதற்குக் காரணம் அதுதான். அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கேம் போட்டிருந்தால் அதுவும் ஆறு மாதத்தில் போயிருக்கும்.

சாமானுக்கு இரவு ரயிலில் கொழும்பு போய், மருதானையில் இறங்கி, பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். அண்ணா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்: கேமைத் தனியே வாங்காதே, அதே ஹெட்டில் (கேமும் வால்வும் இருக்கும் எஞ்சினின் மேல் பகுதி) அதனோடு ஓடிய ரொக்கர்களையும் சேர்த்து வாங்கு. பழைய ரொக்கரின் குழி புது லோபைத் தின்றுவிடும். மூன்றாவது கடையில் கழற்றாத ஹெட் ஒன்று கிடைத்தது. கேமைக் கழற்றியதும் ஒவ்வொரு சிலிண்டரின் ரொக்கரையும் ரப்பர் பேண்ட் போட்டு, நம்பர் எழுதிக் கட்டித் தரச் சொன்னேன். கடைக்காரருக்குப் பொறுமை குறைந்தாலும் செய்து தந்தார்.

வேலை நடந்தது கச்சான் காலத்தில். ஹெட் திறந்திருக்க, காற்று மண்ணை வாரிக் கொண்டுவந்தது. ஈரப் பெட்சீட்டைச் சுற்றிவரக் கட்டித்தான் வேலை செய்தோம். நான் அங்கே கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், பி சீரிஸ் எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றும். மற்ற எஞ்சின்களில் பழகிய கை தன்னையறியாமல் வலஞ்சுழியாகத் திருப்பும். பெல்ட் போட்டபின் ஐந்தாறு சுற்று இடஞ்சுழியாகச் சுற்றி, பிறகு கேம் புலியில் மூன்று பல் நகரும்படி திருப்பித்தான் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்க வேண்டும். தவறாக இறுக்கி பெல்ட் பல் தாவினால், வால்வும் பிஸ்டனும் முட்டக்கூடிய எஞ்சின் இது. கேம் தாங்கும் கப்களில் நம்பர் இருக்கிறது, அவற்றை இடம் மாற்றவே கூடாது. டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் அதோடேயே புதுசாகப் போட்டேன்.

வால்வ் இடைவெளி வைக்க ஹெட் 38 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். கச்சான் வெயிலில் பகலில் சும்மா நிற்கும் காரே அதைத் தாண்டிவிடும். அதனால் விடிய ஐந்தரைக்கு டோர்ச் வெளிச்சத்தில் செய்தோம்: உள்ளிழுக்கும் பக்கம் 0.15 முதல் 0.19 மில்லிமீற்றர், புகைப் பக்கம் 0.17 முதல் 0.21. லோப்களுக்கு மொலிப்டினம் பேஸ்ட் பூசி, பிளக்கைக் கழற்றிவிட்டு ஒயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரை ஓட்டி, அப்புறம்தான் எஞ்சினை எழுப்பினோம். முதல் இருபது நிமிடம் 2,000 சுற்றுக்குக் கீழே விடவில்லை. 500 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். இரும்புத் துகள் இல்லை. அன்று சாயங்காலம் நிலாவெளி வீதியில் அந்த இரண்டாவது உறுமலைத் திரும்பக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

கிண்ணியாவிலிருந்து

உங்களுக்குக் கேம் போயிருந்தது. எனக்குப் போகாமலே மாற்றினேன். என்னிடம் இருப்பது லான்சர் இவோ, 4ஜி63. அதே டிக் டிக் சத்தம். கேம் என்று ஒருவர் சொல்ல, நம்பிக் காசைக் கொட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. இந்த எஞ்சினில் டப்பெட் இறுக்கும் வேலையே கிடையாது, ஒயிலால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் லாஷ் அட்ஜஸ்டர்தான். அதற்குள் காற்றோ அழுக்கோ போனால் தட்டும். கடைசியில் 16 அட்ஜஸ்டரையும் கழற்றி, சுத்தமான டீசலில் அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்துப் போட்டோம். சத்தம் போய்விட்டது. கழற்றி வைத்த பழைய கேம் இன்னும் வீட்டில் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது.

ஆறாம் கட்டையிலிருந்து

தேய்ந்த லோபை வெல்டிங் நிரப்பி லேத்தில் அரைத்து எடுக்க முடியாதா? கொழும்புக்கு அலையாமல் இங்கேயே முடிக்கலாமே.

முதலில் எழுதியவர்

அண்ணாவிடம் நானும் அதைக் கேட்டேன். லோபின் மேல்தோல்தான் கடினமாக்கப்பட்டது, வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும் என்றார். அதோடு மூன்று லோபின் வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அளவு பார்த்து அரைக்கும் தனி மெஷின் இல்லாமல், கண்மட்டத்தில் லேத்தில் செய்கிற வேலை இல்லை அது.

கிண்ணியா நண்பர் சொன்னதை எல்லாரும் கவனியுங்கள். சாமான் வாங்கும்முன் வால்வ் கவரைக் கழற்றிப் பாருங்கள், அது அரை மணித்தியால வேலை. ஆறாம் கட்டைக்காரர் காரை உப்புவெளிக்குக் கொண்டு வாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கிறது, ஆனால் விடியவே வாருங்கள், ஹெட் ஆறியிருக்க வேண்டும்.